விடுதலை பெற்ற நாடுகளில் வன்முறை ஏன் ஓயவில்லை?

(மும்பை மாட்டுங்காவில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் மோதல்களும் கலவரங்களும் ஏன் ஓயாமல் நிகழ்கின்றன, அவற்றால் மக்களாட்சிக்கு விளையும் கேடு என்ன என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நைஜீரியாவையும் ருவாண்டாவையும் சான்று காட்டிப் பேசிவிட்டுப் போவது எளிது. தொலைவிலுள்ள துயரத்தை ஆராய்வதில் ஒரு வசதி உண்டு. அதில் நமக்குப் பங்கில்லை. ஆகவே, நடந்தே போகக்கூடிய தூரத்திலிருக்கும் தாராவியையும், நாம் அமர்ந்திருக்கும் இந்த மாட்டுங்காவையும், நான் வளர்ந்த செம்பூரையும் வைத்தே பேச விரும்புகிறேன். வெளிநாடுகள் இடையிடையே வந்து போகும்.

நான் வரலாற்று அறிஞன் அல்லன். பொருளாதாரம் படித்துவிட்டு அரசுப் பணிக்கு வந்தவன். ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழுமானால், அதனால் ஆதாயம் பெறுவோர் யாரோ இருக்க வேண்டும், அதன் செலவு வேறு யார் தலையிலோ விழ வேண்டும் என்று எண்ணுவது எங்கள் துறையின் பழக்கம். வன்முறையையும் அவ்வாறே நோக்கினால், நமக்குச் சொல்லப்படும் பல விளக்கங்கள் போதாமல் போகின்றன.

பழம்பகை என்னும் விளக்கம்

முதலில் சொல்லப்படுவது பழம்பகை. இச்சமூகங்கள் காலங்காலமாக ஒன்றையொன்று வெறுத்து வந்தவை, வெள்ளையர் ஆட்சி அதை அடக்கி வைத்திருந்தது என்பர். இரண்டாவது விளக்கம் இதற்கு நேர் எதிரானது. வெள்ளையர்தான் பகையை மூட்டினர் என்பது. இரண்டாவதில் உண்மை கூடுதலாக உண்டு. 1871-72-ல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மனிதரைச் சாதி, மத வாரியாக எண்ணிப் பட்டியலிட்டது. 1909-ம் ஆண்டுச் சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகளை வகுத்தது. ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930-களில் வழங்கிய அடையாள அட்டையில் ஒருவர் ஹூட்டுவா டுட்சியா என்று எழுதப்பட்டிருந்தது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் நின்ற கொலையாளிகள் அந்தக் குறிப்பைப் பார்த்தே ஆளைப் பிரித்தனர்.

எனினும், தாராவியின் வரலாறு இவ்விரு விளக்கங்களையும் தயங்க வைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக மக்கள் அங்கு வந்து குடியேறினர். ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் ஒரே தொழிலில், ஒரே நாற்றத்தில், ஒரே மொழி பேசி வாழ்ந்தனர். தாராவியின் படீ மசூதி 1887-ல் எழுந்தது. கணேசர் கோயில் 1913-ல் எழுந்தது. இரண்டையும் எழுப்பியவர்கள் தமிழர்கள். தலைமுறைகளாக அண்டை வீட்டாராக இருந்த இம்மக்களிடையே அச்சமும் இரத்தமும் 1992 டிசம்பரில் வந்தன. பகை என்றுமே இருந்து வந்தது என்றால், வன்முறைக்கு மட்டும் குறிப்பிட்ட ஒரு தேதி எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

மனுவும் மரணமும்

விடுதலை பெற்ற அரசு தன் மக்களின் கோரிக்கைகளை எவ்வாறு கேட்டது என்று பாருங்கள். ஆந்திர மாநிலக் கோரிக்கை பல்லாண்டுகளாகத் தீர்மானங்களாகவும் மனுக்களாகவும் இருந்தது. சென்னையில் உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ம் நாள் உயிர் நீத்தார். தெலுங்கு மாவட்டங்களில் கலவரம் மூண்டது. நான்கே நாட்களில் ஆந்திர மாநிலம் அறிவிக்கப்பட்டது. பம்பாயிலும் இதே கதைதான். மாநிலச் சீரமைப்புக் குழு 1955-ல் பம்பாயை இருமொழி மாநிலமாகவே வைத்திருக்கப் பரிந்துரைத்தது. அதன்பின் எழுந்த கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில், மாண்டனர். ஹுதாத்மா சௌக் அவர்களின் நினைவிடம். 1960 மே 1-ல் மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது.

கோரிக்கை நியாயமானதே, மொழிவாரி மாநிலங்கள் இந்தியாவை உடைக்கவில்லை, உறுதிப்படுத்தின என்பதே என் கருத்து. ஆயினும் நியாயமான ஒன்றை அமைதியாகக் கேட்டபோது மறுத்துவிட்டு, இரத்தம் சிந்திய பின் கொடுத்தால், மக்கள் கற்றுக்கொள்ளும் பாடம் என்னவாக இருக்கும்? அந்தப் பாடத்தைப் பின்னர் வேறு பலரும் வேறு நோக்கங்களுக்காகப் பயன்படுத்தினர்.

பம்பாயில் 1961-ம் ஆண்டுக் கணக்கின்படி மராத்தி பேசுவோர் பாதிக்கும் குறைவு. ஆலைகளிலும் துறைமுகத்திலும் உடலுழைப்பு அவர்களுடையது. முதலும் வணிகமும் பெரும்பாலும் குஜராத்தியருடையவை. அலுவலக நாற்காலிகளில், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் ஊரிலேயே பயின்றுவிட்டு ரயிலேறி வந்த தென்னிந்தியர் கணிசமாக இருந்தனர். தென்னிந்தியர் நகர மக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆனால் படித்த மராத்தி இளைஞன் வேலைக்குப் போய் நின்ற இடத்தில் அவன் கண்ணில் பட்டவர்கள் அவர்கள்தாம். 'மார்மிக்' வார இதழ் நிறுவனங்களிலிருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியலிட்டது. 1966 ஜூன் 19-ல் சிவசேனை தொடங்கப்பட்டது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 1968 மாநகராட்சித் தேர்தலில் அக்கட்சி 140 இடங்களில் 42-ஐ வென்றது. 1969 பிப்ரவரியில் மைசூர் எல்லைப் பிரச்சினையை ஒட்டி நிகழ்ந்த கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் பரேல் தொகுதியின் கம்யூனிஸ்டு சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய் கொலை செய்யப்பட்டார். அதையொட்டி நடந்த இடைத்தேர்தலில் சிவசேனை தன் முதல் சட்டமன்ற இடத்தைப் பெற்றது. 1970-களில் மாநில அரசும் உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுக்குமாறு தொழிலகங்களை வலியுறுத்தத் தொடங்கியது.

மராத்தி இளைஞரின் மனக்குறையில் நியாயம் இருந்தது என்பதை நாம், குறிப்பாகத் தமிழராகிய நாம், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். வன்முறையால் வந்த வரவு தேர்தல் இடங்களும் வேலைக் கொள்கையும். செலவை ஏற்றவர்கள் ஓட்டல் மேசை துடைத்த சிறுவர்களும், தள்ளுவண்டிக்காரர்களும், கலவரத்திலேயே இறந்துபோன ஏழை மராத்தியரும் ஆவர்.

இங்கே ஒரு சொந்தச் செய்தி. 1969 பிப்ரவரியில் என் பெற்றோர் மாட்டுங்காவில் ஒரு 'சா'லில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தனர். நான் அப்போது பிறக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த ஆலைத் தொழிலாளியின் மனைவி, தன் வீட்டு வாசலில் தொங்கிய தோரணத்தைக் கழற்றி எங்கள் வாசலில் கட்டிவிட்டு, மூன்று நாள் எங்கள் படியிலேயே அமர்ந்து காய் நறுக்கியதாக என் தாயார் சொல்வார். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டனராம். இதை இங்கே சொல்வதன் காரணம் பின்னர் விளங்கும்.

குழாயும் குடும்ப அட்டையும்

தேர்தலும் வேலையும் ஒருபுறமிருக்க, அன்றாட வாழ்வில் வன்முறை வேரூன்றும் இடம் ஒன்றுண்டு. அதைத் திட்ட ஆவணங்களில் நாம் 'அடிப்படை வசதிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

2011 கணக்கெடுப்பின்படி மும்பை மக்களில் ஐவரில் இருவருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். அவர்களுக்கு மாநகராட்சித் தண்ணீர் சட்டப்படி கிடைக்க வேண்டுமானால், ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்பே அங்கு குடியிருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தேதி 1976, 1980, 1985, 1995, 2000 என்று நகர்ந்துகொண்டே வந்தது. தேதிக்குப் பின் வந்தவனுக்கும் தாகம் எடுக்கும் என்பதை பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில்தான் சட்டமாகச் சொல்ல நேர்ந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் தண்ணீர் வராமலா இருந்தது? வந்தது. குழாயைத் திருட்டுத்தனமாக இணைக்கத் தெரிந்தவர், அதைப் பார்க்காதிருக்கச் செய்யத் தெரிந்தவர், குடும்ப அட்டை வாங்கித் தருபவர், போலீஸ் நிலையத்தில் பிடிபட்டவனை மீட்டு வருபவர் ஆகியோர் வழியாக வந்தது. அவர் பெரும்பாலும் நம் மொழிக்காரர், நம் சாதிக்காரர், நம் மதத்துக்காரர். அவருக்குப் பின்னால் ஆள்பலம் இருந்தது.

வரதராஜ முதலியாரை இந்த அவையில் அறியாதவர் இலர். 1945-ல் பம்பாய்க்கு வந்து விக்டோரியா டெர்மினஸில் மூட்டை சுமந்தவர். 1949-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் கள்ளச் சாராயத்தைப் பெருந்தொழிலாக்கியது. அத்தொழிலில் அவர் வளர்ந்தார். மாட்டுங்கா நிலையத்தருகே அவர் எழுப்பிய கணேசர் பந்தலை முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். திரைப்படம் அவரை நாயகனாக்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குற்றவாளி குற்றவாளியே. ஆயினும் தாராவியில் ஏழைத் தமிழன் அவர் வாசலுக்கு ஏன் போனான் என்பதை நிர்வாகத்திலிருக்கும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசு அலுவலகத்தின் வாசலில் அவனுக்கு மொழி தெரியவில்லை, தாள் இல்லை, முகமும் இல்லை. அரசு கொடுக்க வேண்டியதைத் தனியார் ஒருவர் சலுகையாகக் கொடுத்தால், திருப்பிக் கேட்கும்போது அவர் வாக்கையும் கேட்பார், கல்லெறியும் கையையும் கேட்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வன்முறை என்றால் கூட்டம் செய்வது மட்டுமன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயில் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. மாநகராட்சியே அங்கு குடியமர்த்திய மக்கள் அவர்கள். 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தி நிலையத்தின் தேவைக்காக அது அகற்றப்பட்டு, பல்லாயிரவர் சீட்டா கேம்ப் என்னும் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர். அவர்களில் தமிழர் பலர். நாட்டின் தேவை பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. மக்களை எண்ணிக்கையாகவும் நிலத்தை வெற்றிடமாகவும் காண்பது நாம் பழைய ஆட்சியிடமிருந்து பெற்ற கண் என்பதைத்தான் சொல்கிறேன். போலீஸ் துறையும் அவ்வாறே. 1857 கிளர்ச்சிக்குப் பின், 1861-ல் வந்த போலீஸ் சட்டம் ஆட்சியாளருக்குக் கீழ்ப்படியும் படையை உருவாக்கியது. குடிமகனுக்குப் பதில் சொல்லும் துறையை உருவாக்குவது அதன் நோக்கமன்று. 1977 முதல் 1981 வரை பணியாற்றிய தேசியப் போலீஸ் ஆணையம் இதை மாற்ற விரிவான அறிக்கைகள் தந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் அப்பணி அரைகுறையாகவே நிற்கிறது.

900 மரணங்கள்

இனி 1992-க்கு வருவோம். டிசம்பர் 6-ல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்றே தாராவியில் அதைக் கொண்டாடும் ஊர்வலம் ஒன்று நடந்தது. முஸ்லிம்களின் எதிர்ப்புக் கூட்டங்கள் வன்முறையாக மாறின. ஜனவரியில் திட்டமிட்ட தாக்குதல்கள் தொடர்ந்தன. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்கில் இறந்தோர் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். இறந்த விதத்தையும் அறிக்கை பிரித்துக் காட்டுகிறது: போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 356, கத்திக்குத்தில் 347, தீயில் 91, கூட்டத்தின் தாக்குதலில் 80. முதல் எண்ணை மறுபடி படியுங்கள். 1993 மார்ச் 12-ல் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் மேலும் 257 பேர் மாண்டனர்.

ஆணையம் 1993 ஜனவரியில் அமைக்கப்பட்டது. 1996 ஜனவரியில் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் உயிர்பெற்றது. 1998 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. ஜனவரிக் கலவரத்தில் சிவசேனைத் தலைமையின் பொறுப்பையும், போலீசாரின் பாரபட்சத்தையும் அது சுட்டியது. அன்று ஆட்சியிலிருந்தவர்கள் அதன் முக்கிய முடிவுகளை ஏற்கவில்லை. அடுத்து வந்தவர்கள், எதிர்க்கட்சியாக இருந்தபோது அதை உயர்த்திப் பிடித்தவர்கள், ஆட்சியில் அதைச் செயற்படுத்தவில்லை. குண்டுவெடிப்பு வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 100 பேரைத் தண்டித்தது. கலவர வழக்குகளில் தண்டனை பெற்றோர் மிகச் சிலர். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை முடித்தபோது, காணாமற்போனோர் 168 பேரில் 108 பேரின் குடும்பங்களுக்கு இழப்பீடு சென்றடைந்திருக்கவில்லை. 97 வழக்குகள் உறங்கும் கோப்புகளில் கிடந்தன. கோப்பு உறங்குவது என்றால் என்னவென்று என் சக அலுவலர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1992 டிசம்பரில் நான் மாணவன். செம்பூரில் எங்கள் குடியிருப்பின் மாடியிலிருந்து புகை தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்த என் தந்தையார், "பயப்படாதே, இந்த முறை நாம் இல்லை" என்றார். நல்ல மனிதர் அவர். 1969-ஐ மறந்தவரும் அல்லர். எனக்கும் அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தோரணம் எங்கள் வாசலில் தொங்கிய கதையைக் கேட்டு வளர்ந்த நான், அன்று எந்த வாசலிலும் எதையும் கொண்டுபோய்க் கட்டவில்லை. வன்முறை நீடிப்பதற்கு, அதைச் செய்கிறவர்களோடு இந்த ஆறுதலும் ஒரு காரணம் என்று பின்னாளில் உணர்ந்தேன். 2008-ல் ரயில்வே தேர்வெழுத வந்த வட இந்திய இளைஞர்கள் தாக்கப்பட்டபோதும், இந்நகரின் தமிழர் பலர் வாயில் அதே வாக்கியத்தைக் கேட்டேன்.

தமிழர் என்றதும் நம்மை நாமே தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீயில் மாண்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கு மொழி வேற்றுமையோ மத வேற்றுமையோ இல்லை. கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களையும் 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அண்டை நாடுகளின் வழி

இலங்கை 1948-ல் விடுதலை பெற்றபோது நம்மைவிட எழுத்தறிவும் நலவாழ்வும் மிக்க நாடு. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம்; 1958-ல் கலவரம்; 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது; 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் வாக்காளர் பட்டியலின் துணைகொண்டு அடையாளம் காணப்பட்டன. மக்களாட்சியின் மூல ஆவணம் எதற்குப் பயன்பட்டது பாருங்கள். 1958-ல் கல்லெறிந்தவர்கள் ஒழுங்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால் 1983 நிகழ்ந்திருக்குமா என்று உறுதியாகக் கூற முடியாது. ஆனால் ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டன, அமைதி வழி பேசிய தமிழ்த் தலைவர்களின் செல்வாக்கு அவர்கள் மக்களிடமே குறைந்தது, துப்பாக்கி ஏந்தியோர் அந்த இடத்தை நிரப்பினர். 2009 வரை நீண்ட போர் அதன் தொடர்ச்சி. சென்னை மாநிலத்திலும் 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் உயிர்கள் பலியாயின. ஆனால் 1967-ல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் கிளர்ச்சியை ஆதரித்த கட்சி ஆட்சிக்கே வந்தது. அதன்பின் பிரிவினைப் பேச்சுக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று. தமிழர் இயல்பு இங்கொன்று, அங்கொன்று அன்று. விட்டுக்கொடுக்கும் அமைப்பு ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

மக்களாட்சிக்கு நேர்வது

கலவரம் தேர்தலை நிறுத்துவதில்லை. அதுவே ஆபத்து. வாக்குப்பெட்டி ஒழுங்காக இயங்குகிறது. ஆனால் வாக்களிப்பவன் குடிமகனாக அன்றி அஞ்சிய கூட்டத்தின் உறுப்பினனாக வருகிறான். 1993-க்குப் பின் மும்பையின் முஸ்லிம் குடும்பங்கள் பல மும்பிராவுக்கு இடம்பெயர்ந்தன. கலந்து வாழ்ந்த சால்கள் தனித்தனியாயின. அண்டை வீட்டில் யார் என்பதை வாடகைத் தரகர் முதல் கேள்வியாகக் கேட்கும் நகரில், குழாய்க்கும் பள்ளிக்கும் சேர்ந்து குரல் கொடுப்பது கடினமாகிறது.

பிவண்டி இதற்கு மாறான சான்று. 1970-லும் 1984-லும் கொடிய கலவரம் கண்ட விசைத்தறி நகரம் அது. 1988-க்குப் பின் போலீஸ் துணை ஆணையர் சுரேஷ் கோப்டே அங்கு தெருத்தெருவாக மொஹல்லா குழுக்களை அமைத்தார். இரு சமயத்தாரும் போலீசாரும் கலவரம் இல்லாத நாட்களில் கூடி, சாக்கடை, மின்வெட்டு, சில்லறைச் சண்டை முதலியவற்றைப் பேசினர். 1992 டிசம்பரில் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாயிருந்தது. தறி ஒருவருடையது, நூல் மற்றவருடையது என்ற தொழில் பிணைப்பும் துணை நின்றது. நகரின் அன்றாட அமைப்புகளில் இரு சமூகத்தாரும் சேர்ந்திருக்கும் இடங்களில் வதந்தி கலவரமாவதில்லை என்று அசுதோஷ் வார்ஷ்ணே 2002-ல் எழுதிய நூலில் காட்டியதும் இதையே. பின்னர் மும்பையிலும் ஜூலியோ ரிபெய்ரோ, சதீஷ் சாஹ்னி, சுஷோபா பார்வே ஆகியோர் முயற்சியால் இக்குழுக்கள் தோன்றின. தாராவியில் ஆயத்த ஆடை வணிகர் வக்கார் கானும் அவருடைய நண்பர் பாவு கோர்டேயும் நான்கு சமயத்தாரின் உடையில் சிறுவர்களை நிறுத்திப் படமெடுத்துச் சுவரொட்டியாக்கி நகரெங்கும் பரப்பினர். சுவரொட்டியால் கலவரம் நிற்காது என்று அப்போது நான் நினைத்தேன். சுவரொட்டி ஒட்ட இருவரும் சேர்ந்து ஒவ்வொரு சந்திலும் நடந்தார்கள் அல்லவா, அந்த நடைதான் வேலை செய்தது.

இப்போது தாராவி மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடைபெற்றுள்ளது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு, மற்றோருக்கு வெளியே. மறுபடியும் ஒரு தேதி. சில மாதங்களுக்கு முன் அங்கு ஒரு சந்தில் திருநெல்வேலி மூதாட்டி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். 1976-ம் ஆண்டு குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த புகைப்படச் சீட்டின் நகலைப் பாலித்தீன் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். அசல் எங்கே, ஆச்சி, என்று கேட்டேன். சந்து முனையில் ஒருவரிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்கும்போது தருவார் என்றார்.